லிமிட் போக்கரில் டிரா கையை (வேண்டிய சீட்டு வந்தால்தான் சேரும் கையை) எப்போது விடுகிறீர்கள்? ஆடிய கைகளைச் சொல்லுங்கள்

லிமிட் ஹோல்டெமில் (பெட் அளவு முன்பே நிர்ணயித்த போக்கர்) முடிவெடுக்கும் இடம் டர்ன்தான் (நான்காவது பொதுச் சீட்டு) என்பது என் எண்ணம். அங்கே பெட் இரட்டிப்பாகிவிடும் (சின்ன பெட் போய்ப் பெரிய பெட்), பாட் (நடுவில் சேர்ந்த பணம்) அந்த அளவுக்கு வளர்ந்திருக்காது. அண்மையில் ஆடிய கை ஒன்று: என்னிடம் கிளாவர் 10, 9. ஃப்ளாப்புக்கு (முதல் மூன்று பொதுச் சீட்டு) முன்பே ஒரு ரெய்ஸ் (பெட்டை உயர்த்துவது), நாலு பேர் உள்ளே, பாட்டில் எட்டு சின்ன பெட். ஃப்ளாப்பில் ஸ்பேட் ராணி, டைமன் 8, ஹார்ட் 4. ஜாக் விழுந்தால்தான் ஸ்ட்ரெய்ட் (வரிசையாக ஐந்து சீட்டு).

முதல் ஆள் பெட், அடுத்தவர் ஃபோல்ட் (கையை விட்டார்), மூன்றாமவர் கால் (அதே பெட்டைப் போட்டார்). கடைசியாக நான். நான் போட வேண்டியது ஒன்று, பாட்டில் இருப்பது பத்து: பத்துக்கு ஒன்று கிடைக்கிறது. பார்க்காத சீட்டு 47, அதில் ஜாக் 4, மற்றவை 43. வேண்டியது பத்தே முக்காலுக்கு ஒன்று. குறையும் முக்கால், ஜாக் விழுந்தபின் வரும் பெரிய பெட்டுகளில் தேறிவிடும். எனக்குப் பின்னால் ரெய்ஸ் செய்யவும் ஆள் இல்லை. தாராளமாகக் கால் செய்யலாம், செய்தேன்.

டர்னில் ஸ்பேட் 3. மறுபடியும் பெட், கால். இப்போது பாட்டில் ஏழரை பெரிய பெட், வேண்டியதோ பத்தரை. ரிவரில் (கடைசிப் பொதுச் சீட்டு) ஜாக் வந்து இருவரும் ஆளுக்கொரு பெட் கொடுத்தாலும் ஒன்பதரைதான் ஆகிறது. வருவது ஸ்பேட் ஜாக்காக இருந்தால் எதிராளிக்கு ஃப்ளஷ் (ஒரே ஜாதியில் ஐந்து சீட்டு) சேரும் பயம் வேறு. கையைப் போட்டுவிட்டேன்.

*

உங்கள் கணக்கு சரி. ஆனால் கணக்கு "கால் செய்" என்று சொல்லும்போதும் விட வேண்டிய இடம் உண்டு. என்னிடம் ஹார்ட் ராஜா, ஜாக். ஃப்ளாப்பில் ஹார்ட் ராணி, ஹார்ட் 7, கிளாவர் 4. டர்னில் ஸ்பேட் 7 விழுந்து போர்டில் (பொதுச் சீட்டுகளில்) ஜோடி. ஃப்ளாப்பில் சும்மா கால் செய்துகொண்டே வந்த ஒருவர், அந்த 7 விழுந்ததும் பெட்டுக்கு மேல் ரெய்ஸ் அடித்தார். பாட்டில் ஒன்பது பெரிய பெட், நான் போட வேண்டியது இரண்டு: நாலரைக்கு ஒன்று. ஃப்ளஷ் சேர்க்கும் மீதி ஒன்பது ஹார்ட்டுக்கு வேண்டியது நாலே சொச்சம்தான், தாளில் பார்த்தால் போதும். ஆனால் அவரிடம் ஏற்கெனவே ஃபுல் ஹவுஸ் (ஒரே எண்ணில் மூன்று, இன்னொன்றில் ஜோடி; ஃப்ளஷை வெல்லும்) இருந்தால் அந்த ஒன்பதில் ஒன்றுகூட எனக்கு உதவாது. முதலில் பெட் அடித்தவர் திரும்ப ரெய்ஸ் செய்தால் இன்னும் ஒரு பெட் போகும். விட்டேன். கடைசியில் அவர் காட்டியது 4, 4.

அவுட்ஸ் (கையைச் சேர்க்கும் சீட்டுகள்) எத்தனை என்று எண்ணுவதோடு நிற்காமல், அவற்றில் எத்தனை சுத்தம் (வந்தால் நிஜமாகவே வெல்ல வைப்பவை) என்றும் எண்ண வேண்டும். போர்டில் ஒரே ஜாதியில் இரண்டு சீட்டு கிடக்கிறது, உங்களுடையது இருபுறமும் திறந்த ஸ்ட்ரெய்ட் டிரா என்றால், எட்டு அவுட்ஸை ஆறாகவே நான் எடுத்துக்கொள்வேன்.

*

இதைப் படித்துவிட்டு யாரும் ஃப்ளாப்பிலேயே ஃப்ளஷ் டிராவை விட ஆரம்பித்துவிட வேண்டாம்! இரண்டு சீட்டு மிச்சமிருக்கும்போது ஃப்ளஷ் சேர வாய்ப்பு சுமார் 35 சதவீதம். மூன்று பேர் கூட வந்தால் பாட்டில் சேரும் ஒவ்வொரு பெட்டிலும் என் பங்கு கால்வாசிதான். அதனால் பெரிய ஃப்ளஷுக்கான டிரா என்றால் நானே ரெய்ஸ் செய்வேன். டர்னில் அதே வாய்ப்பு 20 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். அங்கே ரெய்ஸை நிறுத்திவிட்டு, பாட் போட வேண்டிய பெட்டைப்போல் நாலு மடங்குக்கு மேல் இருந்தால் கால் மட்டும். எதிரே ஒரே ஆள், பாட்டும் சின்னது என்றால் அங்கேயே ஃபோல்ட்.