இ-பதிவில் குழந்தை பார்க்கும் வேலையை எதில் போடுவது?

எல்லாருக்கும் வணக்கம். வியாசர்பாடியில் இருக்கிறேன். அண்ணா நகரில் ஒரு வீட்டில் இரண்டு வயதுப் பாப்பாவைப் பார்த்துக்கொள்கிறேன். பாப்பாவின் அம்மா நர்ஸ், கொரோனா வார்டில் டியூட்டி. அவரால் லீவு எடுக்க முடியாது.

2021 மே 10 முதல் கொரோனா ஊரடங்கு, பஸ் இல்லை. தம்பிதான் வண்டியில் கொண்டுவந்து விட்டான். இப்போது மே 17 முதல் மாவட்டத்துக்குள் போகவும் இ-பதிவு, அதாவது காரணம் சொல்லி இணையத்தில் முன்கூட்டியே பதிவது, கேட்கிறார்கள். அதில் இறப்பு, மருத்துவம், முதியோர் தேவை எல்லாம் இருக்கிறது. குழந்தை பார்க்கும் வேலைக்கு எதைக் காட்டுவது? பொய்க் காரணம் போட எனக்கு மனசு வரவில்லை. செக்போஸ்ட்டில் வண்டியைப் பிடித்துவிட்டால் தம்பி பிழைப்பும் போய்விடும். பாப்பா அம்மாவின் ஆஸ்பத்திரி அடையாள அட்டை நகலும் ஒரு கடிதமும் கையில் இருந்தால் விடுவார்களா? அப்படிப் போய்வருகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பாப்பா வீட்டில் என்னை அங்கேயே தங்கச் சொல்கிறார்கள். பாப்பாவை நினைத்தால் போகத்தான் தோன்றுகிறது. ஆனால் என் அம்மாவுக்குச் சர்க்கரை, மகளும் சின்னவள். தங்கினால் இரவுக்கும் சேர்த்து எவ்வளவு சம்பளம் கேட்பது நியாயம்? வர முடியாத நாளுக்குச் சம்பளம் பிடிப்போம் என்றும் சொல்லிவிட்டார்கள். அது எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்புறம், இந்த 2021 மே மாதம் ரேஷன் கார்டுக்குக் கொரோனா நிவாரணமாகத் தந்த 2,000 ரூபாய் வாங்கிவிட்டேன். வீட்டுப் பணியாளர் நல வாரியத்தில் இன்னும் பதியவில்லை. ஊரடங்கிலும் பதிய முடியுமா, என்னென்ன காகிதம் வேண்டும்? தெரிந்த அக்காமார் தயவுசெய்து எழுதுங்கள். திங்கட்கிழமைக்குள் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.