முதுகுப் பருவுக்கு அஞ்சு ஐட்டம் போடறேன், இப்போ எரியுது

பேர்ணாம்பட்டு பொண்ணு:
வணக்கம். வயசு 26. ஆம்பூர்ல ஷூ கம்பெனி, அப்பர் தைக்கிற செக்‌ஷன். காலைல 7 மணிக்கு வேன் ஏறினா திரும்ப வீடு வர 7 ஆயிடும். சுடிதார் மேல பாலியெஸ்டர் கோட்டு, தலைக்கு மேல ஷீட்டு கூரை. புரட்டாசி ஆகியும் நம்ம ஊர் வெயில் இறங்கல. சாப்பாட்டு பெல் அடிக்கறதுக்குள்ள துணி முதுகோட ஒட்டிக்கும்.

ரெண்டு வருஷமா முதுகு, தோள்பட்டை, கொஞ்சம் நெஞ்சு எல்லாம் பரு. பரு அடங்கினாலும் காப்பிக்கொட்டை கலர்ல தடம் நிக்குது. ஆவணில தங்கச்சி நிச்சயத்துக்கு பிளவுஸ் தைக்கக் குடுத்தப்போ டெய்லர் அக்கா "பின் கழுத்து எவ்ளோ இறக்கம்?"னு கேட்டாங்க. நான் வாயத் திறக்கறதுக்குள்ள எங்கம்மா "அவளுக்கு குளோஸ் நெக்கே வெச்சிடும்மா"ன்னுட்டாங்க. மனசுல ஒண்ணும் வெச்சு சொல்லல. ஆனா அன்னிக்கு நைட்டே போன்ல ஆர்டர் போட்டுட்டேன். தைல கல்யாணம்.

இப்போ போடறது: காலைல சாலிசிலிக் ஆசிட் 2 சதவீதம் பாடி வாஷ், பீர்க்கங்கா நார்ல நல்லா தேய்ச்சு. அப்புறம் நியாசினமைடு 10 சதவீதம் சீரம். நைட்டு பென்சாயில் பெராக்சைடு 5 சதவீதம் ஜெல், அது மேல கிளைகாலிக் ஆசிட், அதுக்கும் மேல தெருமுனை மெடிக்கல்ல "தடம் ஓடிடும்"னு குடுத்த ஒரு டியூப். ஞாயித்துக்கிழமை தலைக்கு நல்லெண்ணெய்.

மொத வாரம் சூப்பரா இருந்தது. மூணு வாரம் ஆச்சு, இப்போ கோட்டு பட்டாலே எரியுது. தோல் உரியுது. புதுசா பொடிப்பொடியா வேற வருது. சித்தியோட மெரூன் துண்டு அங்கங்க ஆரஞ்சு ஆயிடுச்சு, "இன்னாடி ஆசிட்டு ஊத்தினியா?"ன்னு கேக்கறாங்க. எதை நிறுத்தறது, எதை வெச்சுக்கறது? 1,800 ரூபா ஆச்சு, எல்லாத்தையும் தூக்கிப் போடுன்னு மட்டும் சொல்லிடாதீங்க.

சத்துவாச்சாரி அக்கா:
துண்டுக்குக் காரணம் பென்சாயில் தான் கண்ணு, அது துணிச் சாயத்தை வெளுத்துடும். எங்க வீட்டுத் தலகாணி உறை ரெண்டு போச்சு. வெள்ளைத் துண்டு, வெள்ளை பனியன் வெச்சுக்கோ.

நானும் உன்ன மாதிரி அஞ்சாறு ஒண்ணா பூசினவதான். ஒண்ணு புரிஞ்சுக்கோ, தடம்ங்கறது பரு விட்டுட்டுப் போன அழுக்கு இல்ல, தேய்ச்சு எடுக்க. புண்ணு ஆறும்போது தோல் கறுத்துக்குது, அவ்ளோதான். நம்ம மாதிரி மாநிறம், கறுப்புக்கு அது ஜாஸ்தி. எரிச்சல் வந்தாலும் அதே மாதிரிதான் கறுக்கும். அப்போ நீ தடத்துக்குன்னு பூசறதே புதுத் தடம் போடுது.

ரெண்டு வாரம் எதுவும் வேணாம். வாசனை இல்லாத சாதா சோப்பு, சாதா மாய்ஸ்சரைசர். நாரை மட்டும் தாராளமா தூக்கிப் போடு, அது 1,800ல சேராது! எரிச்சல் அடங்கினப்புறம் பென்சாயிலை மட்டும் எடு. குளிக்கறதுக்கு முன்ன பூசி அஞ்சு நிமிஷம் விட்டுக் கழுவிடு, ஒரு நாள் விட்டு ஒரு நாள். நைட்டெல்லாம் விட வேணாம். மூணு வாரம் ஒத்துக்கிச்சுன்னா சாயந்திரத்துல நியாசினமைடு. கிளைகாலிக், சாலிசிலிக் ரெண்டும் உரிக்கிற வேலைதான், பின்னால ஒண்ணு போதும். சீல் உடைக்காத பாட்டில் இருந்தா யாருக்காவது வித்துடு.

வேலை முடிஞ்சு வந்ததும் மொத வேலை குளியல். டீ அப்புறம்.

மெடிக்கல்காரன் ராணிப்பேட்டை:
அந்த டியூப்ல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க சிஸ்டர். மத்ததை அப்புறம் பேசலாம்.

பேர்ணாம்பட்டு பொண்ணு:
பொடி எழுத்து, தம்பிய விட்டுப் படிச்சேன். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன்.

மெடிக்கல்காரன் ராணிப்பேட்டை:
நினைச்சேன். ஹைட்ரோகுவினோன் கறுப்பை வெளுக்க வைக்கிறது. மொமெட்டசோன் ஸ்டீராய்டு. மொத வாரம் சூப்பரா இருந்ததா சொன்னீங்களே, சிவப்பை அதுதான் அமுக்கி வெச்சிருக்கும். அதையே பூசிக்கினு இருந்தா பரு மாதிரியே பொடிப்பொடியா கிளப்பிவிடும், தோல் மெலிஞ்சுடும். ட்ரெட்டினாயின் வேற உரிக்கும், அது மேல கிளைகாலிக். எரியாம இன்னா செய்யும்? டாக்டர் சீட்டு இல்லாம குடுக்கவே கூடாத மருந்து இது. எங்க ஆளுங்களே குடுக்கறாங்க, வெக்கமாத்தான் இருக்கு.

நிறுத்தினதும் கொஞ்ச நாள் சிவந்து கிளம்பலாம். பயந்துபோய் மறுபடி பூசிடாதீங்க. இதைப் படிக்கிற மத்தவங்களுக்கும்: கர்ப்பமா இருந்தா, குழந்தைக்கு முயற்சி பண்ணிக்கினு இருந்தா ட்ரெட்டினாயின், அதே வகைப் பரு மருந்து அடாபலீன், ரெண்டு பக்கமும் போகாதீங்க.

வேலப்பாடி வாசி:
அந்தப் பொடி அரிக்குதா? எல்லாம் ஒரே சைஸா இருக்கா? எனக்கு அப்படித்தான் இருந்தது. சிப்காட்ல ஃபர்னஸ் பக்கம் வேலை. பருன்னு நினைச்சு நானா ஆன்டிபயாட்டிக் வாங்கித் தின்னேன், இன்னும் பரவுச்சு. வேலூர் அடுக்கம்பாறை ஜிஹெச்ல காட்டினா, மயிர்க்கால்ல பூஞ்சைன்னாங்க. கீட்டோகோனசோல் 2 சதவீதம் ஷாம்பூவை முதுகுல தடவி அஞ்சு நிமிஷம் வெச்சுக் கழுவச் சொன்னாங்க. அந்தப் பூஞ்சைக்கு எண்ணெய்ப்பசைதான் சாப்பாடு. உங்களுக்கும் அதேதான்னு இங்கிருந்து சொல்ல முடியாது, நேர்ல காட்டிடுங்க. காலைலயே போயிடுங்க, கூட்டம்.

பேர்ணாம்பட்டு பொண்ணு:
அரிக்குது! வேர்க்கும்போது ரொம்ப.

(மூணு வாரம் கழிச்சு) லீவு போட்டு அடுக்கம்பாறை போய் வந்தேன். ரெண்டும் கலந்து இருக்காம், பருவும் பூஞ்சையும். டியூப்பை டாக்டரம்மா கைலயே வாங்கி வெச்சுக்கினாங்க. ஷாம்பூவும் அடாபலீனும் எழுதினாங்க, அடாபலீன் ஒரு நாள் விட்டு ஒரு நாள். தெரிய ரெண்டு மூணு மாசம் ஆகும், தடம் மங்க அதுக்கும் மேல ஆகும்னாங்க. வெயில் படற இடத்துக்கு மட்டும் சன்ஸ்கிரீன். பொடி முக்கால்வாசி போச்சு, எரிச்சல் இல்ல. தடம் அப்படியேதான் இருக்கு. கல்யாண பிளவுஸுக்கு இன்னும் அளவு குடுக்கல.

அம்மா நல்லெண்ணெயை மட்டும் விடமாட்டேங்கறாங்க. "சூட்டு ஒடம்பு"ங்கறாங்க. முதுகுல படாம தலைக்கு ஊத்த வழி இருக்கா அக்கா?

சத்துவாச்சாரி அக்கா:
முடியைக் கொண்டை போட்டுக் கட்டி, உச்சில மட்டும் வெச்சு அரை மணியில அலசு. குனிஞ்சு, முடியை முன்பக்கம் தொங்கவிட்டு அலசணும். முதுகுக்கு சோப்பு கடைசில.