ஜன்னலை எண்ணச் சொன்ன ஓமா

எங்கள் குடும்பம் தூத்துக்குடிப் பக்கம். வீட்டில் எல்லோருடைய ஜெபப்புத்தகத்திலும் பத்துப் பதினைந்து புனிதர் படங்களாவது செருகியிருக்கும். சாவி வைத்திருந்தால் இராயப்பர், உடம்பில் அம்பு தைத்திருந்தால் செபஸ்தியார், கையில் குழந்தை இயேசுவும் லீலியும் இருந்தால் அந்தோணியார். சின்ன வயதிலிருந்தே பார்த்த மாத்திரத்தில் பெயர் சொல்லிவிடுவேன்.

வேலைக்காக ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகருக்கு வந்த பிறகு கீழ் வீட்டு மூதாட்டியோடு பழக்கமானது. ஓமா, அதாவது பாட்டி என்றுதான் கூப்பிடுவேன். ஒருநாள் பழைய பிஸ்கட் டப்பா ஒன்றைத் திறந்து காட்டினார். உள்ளே அவர் குடும்பத்து ஜெபப்புத்தகங்களில் இருந்த படங்கள். செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்தவை, உள்ளங்கை அளவுதான் இருக்கும். தாளை வெளிச்சத்தில் பிடித்தால் கையால் தாள் செய்யும் சல்லடையின் கம்பி பதிந்த கோடுகள் தெரிந்தன.

அதில் ஒன்றை எடுத்தேன். தலையில் கிரீடம், ஒரு கையில் குருத்தோலை, இன்னொரு கையில் வாள், பின்னால் பாதி மறைந்த ஒரு சக்கரம். பெயர் இருந்திருக்க வேண்டிய இடத்தை யாரோ புத்தகத்துக்குள் அடங்கட்டும் என்று வெட்டியிருந்தார்கள். அடியில் எறும்பு போல எழுத்து. போனில் பெரிதாக்கிப் பார்த்தேன்: ‘க்லவுபர் காத்.’ சரி, கத்தரீனம்மாள் படத்தில் வரும் சக்கரம் இருக்கிறது, ‘காத்’ என்றும் இருக்கிறது. “கத்தரீனம்மாள்தான், ஓமா!” என்றேன்.

ஓமா சிரிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. “பின்னால் இருக்கும் கோபுரத்தில் எத்தனை ஜன்னல்? எண்ணிச் சொல்” என்றார்.

எண்ணினேன். மூன்று.

அவர் சொன்ன கதை இது. புனித பார்பராவை அவருடைய தகப்பன் கோபுரத்தில் அடைத்து வைத்தான். இரண்டு ஜன்னல் போதும் என்று சொல்லிவிட்டு வெளியூர் போனான். அவன் இல்லாத நேரத்தில் பார்பரா கொத்தனார்களிடம் சொல்லி மூன்றாவதையும் வைக்கச் செய்தார்: பிதா, சுதன், பரிசுத்த ஆவி. மகள் கிறிஸ்தவள் ஆகிவிட்டாள் என்று அதிலிருந்துதான் தகப்பனுக்குத் தெரிந்தது. கடைசியில் தன் கையாலேயே அவர் தலையை வெட்டினான். அந்த இடத்திலேயே மின்னல் தாக்கிச் செத்தான். மின்னலும் இடியும் வந்த கதை என்பதால் வெடிமருந்தோடு புழங்குகிற பீரங்கிக்காரர்களும் சுரங்கத் தொழிலாளர்களும் பார்பராவைப் பாதுகாவலியாக ஏற்றுக்கொண்டார்கள்.

மறுபடி படத்தைப் பார்த்தேன். நான் கத்தரீனம்மாளின் வதைச் சக்கரம் என்று நினைத்தது பீரங்கி வண்டியின் சக்கரம்! சக்கரத்துக்கு மேலேயே பீரங்கிக் குழல் நீட்டிக்கொண்டிருக்கிறது. பெயரை முடிவு செய்துவிட்ட கண்ணுக்கு அது தெரியவே இல்லை.

அப்படியானால் ‘காத்’? அது ‘கத்தோலிக்கர்’ என்பதன் சுருக்கமாம். க்லவுபர் சகோதரர்கள் 18ஆம் நூற்றாண்டில் இதே ஆக்ஸ்பர்க்கில் படம் செதுக்கியவர்கள். 1648க்குப் பிறகு இந்த ஊரில் கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் இரு தரப்புக்கும் நிர்வாகத்தில் சம பங்கு இருந்தது. யார் பட்டறைப் படம் என்று வாங்குபவருக்குத் தெரியட்டும் என்றுதான் கையெழுத்தோடு மதத்தையும் சேர்த்துச் செதுக்கினார்கள். அதற்குப் பின்னால் வருகிற ‘ஸ்க்’ செதுக்கினார், ‘எக்ஸ்க்’ வெளியிட்டார், ‘ஆ. வி.’ ஆக்ஸ்பர்க்கின் ரோமானியர் காலத்துப் பெயர். மொத்த வரியிலும் புனிதரைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை.

அன்றிலிருந்து அடிவரியைக் கடைசியில்தான் படிக்கிறேன். முதலில் கை, அப்புறம் காலடி, அப்புறம் பின்னணி.

டப்பாவில் இன்னொரு படம், இடது கையால் ஆசீர்வதிக்கும் ஓர் ஆயர். தப்பாக வரைந்துவிட்டார்களோ என்று நினைத்தேன். இருக்கிற படத்தைப் பார்த்து அப்படியே தகட்டில் செதுக்கினால் அச்சில் இடம் வலம் மாறிவிடும் அல்லவா, அதுதான் விஷயம். அவர் கையிலிருந்த புத்தகத்தின் மேல் ஒரு மீன். ஆக்ஸ்பர்க்கின் பாதுகாவலர் உல்ரிச்.

மூன்றாவது படத்தில் வழிப்பயணியின் தொப்பி, தோளில் சிப்பி. சந்தியாகப்பர் என்று வாய் வரை வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டு கீழே பார்த்தேன். அங்கியைத் தூக்கித் தொடையில் உள்ள கொள்ளைநோய்ப் புண்ணைக் காட்டுகிறார். பக்கத்தில் ஒரு நாய், வாயில் அப்பம். ரோக்கு! நம் ஊரில் ஆரோக்கியநாதர் என்று கோயில் கட்டிக் கும்பிடுகிறோமே, அவரேதான். எங்கள் தாத்தாவின் பெயரும் அதுதான் என்று ஓமாவிடம் சொன்னபோது தொண்டை அடைத்துக்கொண்டது.

டிசம்பர் 4, பார்பரா திருநாள். அன்று காலையில் ஓமா என் கதவைத் தட்டி, மொட்டையான செர்ரிக் கிளை ஒன்றைக் கொடுத்து, தண்ணீரில் வைக்கச் சொன்னார். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அதில் ஐந்து பூ வெள்ளையாக விரிந்திருந்தது.