ஆர்ல் அரங்கத்துக்குள் இருந்த ஊர்

கவிதா: மார்செய்யிலிருந்து ரயிலில், தென் பிரான்சில் இருக்கும் ஆர்ல் ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டேன். முதல் மூன்று படங்களும் ரோமானிய அரங்கம். கி.பி. 90 வாக்கில் கட்டியது, சுமார் 20,000 பேர் உட்கார்ந்து பார்த்த இடம்.

முரளி மாமா: வளைவுகளுக்கு மேலே சதுரமாக ஒரு கோபுரம் நிற்கிறதே, அதுவும் ரோமர்கள் கட்டியதா?

கவிதா: இல்லை மாமா, அது இடைக்காலத்துக் காவல் கோபுரம். ரோமப் பேரரசு சரிந்த பிறகு மக்கள் பாதுகாப்புக்காக அரங்கத்துக்குள்ளேயே குடியேறி, அதையே கோட்டையாக்கி நான்கு கோபுரங்கள் எழுப்பியிருக்கிறார்கள். மூன்று இன்னும் நிற்கின்றன. உள்ளே 200க்கும் மேற்பட்ட வீடுகள், தெருக்கள், இரண்டு சிற்றாலயங்கள் என்று ஒரு ஊரே இருந்தது.

சாந்தி அத்தை: அடேயப்பா! அந்த வீடெல்லாம் இப்போது எங்கே?

கவிதா: 1825இல் ஆரம்பித்து எல்லாவற்றையும் இடித்துவிட்டார்கள் அத்தை. 1830இல் காலி மைதானத்தில் மாட்டுப் பந்தயம் நடந்தது, இன்றும் நடக்கிறது.

தினேஷ்: இடித்தது சரிதானே? இல்லையென்றால் இந்த அரங்கத்தை இப்படிப் பார்த்திருக்கவே முடியாது.

கவிதா: அண்ணா, நாலாவது படத்தைப் பாருங்கள். பக்கத்திலேயே இருக்கும் ரோமானிய நாடக அரங்கு. இதைவிடப் பழையது. கல்லுக்காகப் பெயர்த்துப் பெயர்த்து, மேடைச் சுவரில் முழுசாக நிற்பது இரண்டு தூண்கள் மட்டும்தான். அரங்கம் தப்பியதற்குக் காரணமே அதற்குள் ஆட்கள் வாழ்ந்ததுதான் என்பேன். அத்தனை தலைமுறை அதைக் காப்பாற்றியவர்களின் ஒரு தெருவையாவது விட்டு வைத்திருக்கலாம், எனக்கு அது ஆறவே இல்லை.

தினேஷ்: நாடக அரங்கைப் பார்த்தால் நீ சொல்வது புரிகிறது. ஆனாலும் உள்ளே வீடுகளை வைத்துக்கொண்டு இந்த முழு வட்டம் தெரியாது, நான் இடித்த பக்கம்தான்.

முரளி மாமா: மார்செய் பெரிய துறைமுகம். அதை விட்டு ரோமர்கள் ஏன் இங்கே இவ்வளவு கட்டினார்கள்?

கவிதா: நல்ல கேள்வி மாமா. கி.மு. 49 உள்நாட்டுப் போரில் மார்செய் சீசரின் எதிரியான ரோமானியத் தளபதி பாம்பேயின் பக்கம் நின்றது, ஆர்ல் சீசருக்கு 12 போர்க்கப்பல்கள் கட்டிக் கொடுத்தது. ஜெயித்த சீசர் மார்செய்யின் நிலங்களில் பெரும்பகுதியை ஆர்லுக்கு எழுதி வைத்து, கி.மு. 46இல் தன் ஆறாம் படைப்பிரிவின் ஓய்வுபெற்ற வீரர்களை இங்கே குடியேற்றினார். அப்புறம் வளர்ச்சிக்குக் கேட்கவா வேண்டும், ரோன் ஆறும் கூடவே இருக்கிறது.

சாந்தி அத்தை: ஓவியர் வான்கோ இருந்த மஞ்சள் வீடு இந்த ஊர்தானே கவி? உள்ளே போகலாமா?

கவிதா: அந்த வீடு இப்போது இல்லை அத்தை, 1944 குண்டுவீச்சில் சேதமாகி இடித்துவிட்டார்கள். அவர் சிகிச்சை பெற்ற மருத்துவமனை இருக்கிறது, அந்த முற்றத்துத் தோட்டத்தை அவர் வரைந்தபடியே வைத்திருக்கிறார்கள், படம் அனுப்புகிறேன். நாளைக் காலை தொல்பொருள் அருங்காட்சியகம். ரோன் ஆற்றுச் சேற்றிலிருந்து 2011இல் எடுத்த 31 மீட்டர் ரோமானியச் சரக்குப் படகு அங்கேதான் இருக்கிறது. படகோட்டிகள் சமைத்துச் சாப்பிட்ட பாத்திரங்கள்கூடக் கிடைத்திருக்கின்றன.

சாந்தி அத்தை: பாத்திரங்களைக் கிட்டே போய் எடு, எனக்கு அதுதான் பார்க்க வேண்டும்.

முரளி மாமா: படகை முழு நீளத்துக்கும் வீடியோவாக எடும்மா.