குடிக்காத, கறி சாப்பிடாத எங்களுக்குக் கான்கூன் ரிசார்ட் எப்படி இருந்தது

குடிப்பழக்கம் இல்லை, கறி மீன் சாப்பிடுவதில்லை, இப்படிப்பட்டவர்கள் எதற்கு ஆல்-இன்க்ளூசிவ் ரிசார்ட்டுக்குப் போய்க் காசைக் கொட்ட வேண்டும் என்று கேட்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நானும் என் கணவரும் அப்படித்தான். ஹூஸ்டனில் இருக்கிறோம், பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்டார்கள், கல்யாண வெள்ளிவிழாவுக்காக 2025 ஜூலையில் மெக்சிகோவில் கான்கூனுக்கும் புவெர்ட்டோ மொரெலோஸுக்கும் நடுவே ஒரு கடற்கரை ரிசார்ட்டில் போய்த் தங்கினோம். பெரியவர்களுக்கு மட்டுமான இடம், சாப்பாடு குடி எல்லாம் அறை வாடகையிலேயே அடக்கம். குடிக்காதவர்களுக்கு ஒரு டாலர்கூடக் குறைக்க மாட்டார்கள். அப்படி இருந்தும் கொடுத்த காசு தகும் என்றுதான் சொல்வேன், ஆனால் அதற்குக் காரணம் பாரும் இல்லை, பஃபேயும் இல்லை.

காரணம் இதுதான். எந்த ஊருக்குப் போனாலும் என் மண்டைக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும்: மதியம் எங்கே சாப்பிடுவது, அங்கே நமக்கு ஏதாவது கிடைக்குமா, வண்டியை எங்கே விடுவது, இந்த டாக்ஸிக்காரர் கேட்பது நியாயமா, ராத்திரிக்கு என்ன. வீட்டில் இத்தனை வருடமும் அதே கணக்குத்தான், பிள்ளைகளின் டிபன் பாக்ஸ், நீச்சல் வகுப்பு, மாமியாரின் மருந்து என்று. வரவேற்பறையில் கையில் பட்டையைக் கட்டிவிட்ட பிறகு அந்தக் கணக்கு நின்றுபோனது. பர்ஸை லாக்கரில் வைத்துவிட்டு நடந்தோம். அடுத்து என்ன என்று யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை. அந்த வெற்றிடத்தில் நாங்கள் பேச ஆரம்பித்தோம். என் மாமனார் இறந்தபோது விசா பேப்பர் நிலுவையில் இருந்ததால் இவரால் ஊருக்குப் போக முடியவில்லை, அந்த நாட்களைப் பற்றி இவர் வாய் திறந்ததே கிடையாது. அங்கே கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலம், கேட்காமலேயே, முதலிலிருந்து கடைசிவரை சொன்னார். இதை எந்தப் பஃபேயோடும் சேர்த்து விலை போட முடியாது.

சரி, 'பெரியவர்களுக்கு மட்டும்' என்பதற்கு வருகிறேன், ஏனென்றால் நம் ஆட்களுக்கு அங்கேதான் தயக்கம். விஷயம் கேள்விப்பட்டதும் என் நாத்தனார் போனில் குரலைத் தாழ்த்தி, "அண்ணி, அது ஒரு மாதிரி இடம் இல்லையா? அண்ணன் எப்படி ஒத்துக்கிட்டாரு?" என்று கேட்டாள். ஒரு மாதிரி இடமெல்லாம் இல்லை. சின்னப் பிள்ளைகள் இல்லாத ஹோட்டல், அவ்வளவுதான். ஜமைக்காவில் ஓச்சோ ரியோஸ் என்ற ஊரில் 1978-ல் ஜோடிகளுக்கு மட்டும் என்று ஒரு ஹோட்டல் ஆரம்பித்தது, 1981-ல் மொன்டேகோ பேயில் சான்டல்ஸ் வந்தது, அந்த ஏற்பாடுதான் கரீபியன் முழுக்கப் பரவியிருக்கிறது. துணியில்லாமல் திரிய அனுமதிக்கும் ரிசார்ட்டுகளும் அந்தக் கரையில் இருக்கின்றன, மறுக்கவில்லை, ஆனால் அவை தங்கள் இணையதளத்தில் அதைப் பெரிதாகவே சொல்லிவிடும், தெரியாமல் உள்ளே போய் மாட்டிக்கொள்ள வாய்ப்பில்லை. நாங்கள் தங்கிய இடத்தில் பாதிப் பேர் எங்களைவிட வயதில் மூத்தவர்கள். நான் முழுக்கை நீச்சலுடையும் முழங்கால் வரை வரும் கால்சட்டையும்தான் போட்டேன், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ராத்திரி உணவகங்களில்தான் விதி இருக்கிறது, ஆண்கள் முழுக்கால் பேண்டும் ஷூவும் போட வேண்டும், செருப்போடு விட மாட்டார்கள்.

இன்னொன்று. பெரியவர் என்றால் பல இடங்களில் 18 வயதுதான் கணக்கு. மார்ச் மாதம் அமெரிக்கக் கல்லூரி விடுமுறையில் போனால் அமைதியை எதிர்பார்க்காதீர்கள்.

விசா பற்றிச் சுருக்கமாக: இந்திய பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் அமெரிக்க விசா முத்திரையோ கிரீன் கார்டோ இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா தேவையில்லை. முத்திரை காலாவதியாகி, அமெரிக்கக் குடியேற்றத் துறை தரும் ஒப்புதல் தாளான ஐ-797 மட்டும் வைத்திருப்பவர்கள் அதை நம்பிக் கிளம்ப வேண்டாம். ஹூஸ்டனிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். கோடையில் நேரமும் ஒன்றுதான், கைக்கடிகாரத்தைத் திருப்ப வேண்டாம்.

கான்கூன் விமான நிலையத்தில் சுங்கம் தாண்டியதும் ஒரு கூடம் வரும், அங்கே கழுத்தில் அட்டை மாட்டிய ஆட்கள் வரிசையாக நின்று "உங்கள் வண்டியா, இங்கே வாருங்கள்" என்பார்கள். பார்த்தால் விமான நிலைய ஊழியர் மாதிரியே இருக்கும். அவர்கள் டைம்ஷேர், அதாவது வருடாவருடம் சில நாள் ரிசார்ட்டில் தங்கும் உரிமையை விற்பவர்கள். நிற்காமல் வெளியே போய், நீங்கள் ஏற்பாடு செய்த வண்டியின் பலகையைத் தேடுங்கள். ரிசார்ட்டுக்குள்ளேயும் அது தொடர்ந்தது. அறைச் சாவி தரும்போதே, நாளைக் காலை ஒரு தனிச் சிற்றுண்டி, முடிந்ததும் ஸ்பாவுக்கு இலவச சீட்டு என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். உட்கார்ந்தால் விடுமுறையில் ஒரு காலைப் பொழுது போய்விடும், அதற்குள் பல வருட உறுப்பினர் சந்தாவுக்குக் கையெழுத்து வாங்கப் பார்ப்பார்கள். வேண்டாம் என்றோம். மறுநாள் அறைத் தொலைபேசியில் கூப்பிட்டார்கள், அதற்கடுத்த நாளும் கூப்பிட்டார்கள். ஓய்வெடுக்கக் காசு கட்டி வந்தவர்களை இப்படி விரட்டுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை, வரவேற்பறையில் நேராகப் போய்ச் சொன்ன பிறகுதான் நின்றது.

சாப்பாட்டுக்கு வருகிறேன், இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

மெக்சிகோ சாப்பாட்டில் நமக்கு ஏற்றது நிறைய இருப்பது போலத் தெரியும்: பீன்ஸ், அரிசி, சோளம், தக்காளி, மிளகாய். ஆனால் அந்த பீன்ஸைப் பல சமையலறைகளில் பன்றிக் கொழுப்பில் வதக்குவார்கள், சோற்றைக் கோழி வேகவைத்த தண்ணீரில் வடிப்பார்கள். சைவம் என்று மட்டும் சொன்னால் கறித்துண்டுகளை எடுத்துவிட்டுக் கொண்டுவந்து வைப்பார்கள், மனதில் கள்ளம் இல்லாமல்தான். அதனால் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். 'சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ' என்றால் கறி, கோழி, மீன் இல்லாமல். அதோடு நிறுத்தாமல் 'சின் மன்தேகா, சின் கால்தோ தே போயோ' என்று கொழுப்பும் கோழிச்சாறும் வேண்டாம் என்பதையும் சொல்லுங்கள். நான் இதைத் தமிழ் எழுத்தில் ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொரு உணவகத்திலும் வாசித்தேன்.

முதல் ராத்திரி இத்தாலிய உணவகத்தில் வெறும் பாஸ்தா, அவ்வளவு ருசி இல்லை. மறுநாள் காலை பஃபேயில் சோள மாவைத் தட்டிச் சுட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் சீட்டை வாசித்தேன். அவர் சிரித்துவிட்டு உள்ளே போய் ஒரு சமையல்காரரைக் கூட்டிவந்தார். பக்கத்து யுகத்தான் மாநிலத்து ஆள், வீட்டில் அந்தப் பகுதிப் பூர்வகுடிகளின் மாயா மொழி பேசுபவர். அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம், எனக்கு ஸ்பானிஷ் அதைவிடக் கொஞ்சம். சாயங்காலம் மெக்சிகன் உணவகத்துக்கு வாருங்கள் என்றார். போனோம். சிகில் பாக் என்று ஒன்று வைத்தார்: வறுத்த பூசணி விதை, சுட்ட தக்காளி, ஹபனேரோ மிளகாய் எல்லாம் சேர்த்து அரைத்தது, வாயில் வைத்ததும் அம்மியில் அரைத்த துவையல்தான், அப்படி ஒரு மணம். மாயா மக்கள் பல தலைமுறைகளாகச் செய்துவரும் பண்டம் என்றார். அப்புறம் சப்பாத்திக்கள்ளி மடலை முள் சீவி, கல்லில் வாட்டி, எலுமிச்சை பிழிந்து ஒரு தட்டு. சோளக்கதிரில் வளரும் கறுப்புக் காளான், உய்ட்லகோச்சே, அதை வதக்கி அடைக்குள் வைத்து இன்னொன்று. இவர் முதலில் தயங்கினார், பிறகு இரண்டாவது தட்டு கேட்டார். அன்றிலிருந்து அந்தச் சமையல்காரர் பணியில் இருக்கும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு போனோம். ஹபனேரோவை மட்டும் நம் பச்சை மிளகாய் நினைப்பில் எடுத்துக் கடிக்காதீர்கள், அது வேறு காரம்.

குடிக்காதவர்களுக்கும் பாரில் வேலை இருக்கிறது. செம்பருத்தி வகைப் பூவை ஊறவைத்த ஹமாய்க்கா, புளிக் கரைசலில் சர்க்கரை போட்ட தமரிந்தோ, அரிசியும் பட்டையும் சேர்ந்த ஓர்ச்சாத்தா, மூன்றையும் கேட்டு வாங்கிக் குடியுங்கள். குழாய்த் தண்ணீர் மட்டும் வேண்டாம், அறையில் பாட்டில் வைப்பார்கள்.

எங்கள் அறையைச் சுத்தம் செய்த பெண் சியாபாஸ் மாநிலத்திலிருந்து வந்தவர். அந்தக் கரையில் வேலை பார்ப்பவர்களில் நிறையப் பேர் சியாபாஸ், தபாஸ்கோ, யுகத்தான் பக்கத்திலிருந்து வந்தவர்கள்தான். 1970-க்கு முன் கான்கூனில் அநேகமாக ஊரே கிடையாது, மெக்சிகோ அரசு திட்டம் போட்டு உருவாக்கிய ஊர் அது, 1974-ல்தான் முதல் ஹோட்டல்கள் திறந்தன. ஆகவே ஊரே பிழைப்புக்கு வந்தவர்களால் ஆனது. அந்தப் பெண்ணின் இரண்டு பிள்ளைகளும் பாட்டியோடு ஊரில் இருக்கிறார்கள், வருடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பாராம். போனில் படத்தைக் காட்டினார். வளைகுடாவுக்குப் போன எங்கள் தெரு ஆட்கள் எல்லாம் எனக்கு ஞாபகம் வந்தார்கள். எல்லாம் அடக்கம் என்று நாம் கட்டும் காசில் இவர்களுக்குப் போவது எவ்வளவு? மெக்சிகோவில் 2025-ல் பொதுக் குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 278.80 பெசோ, ஏறக்குறைய 15 டாலர். டிப்ஸும் வாடகையில் அடக்கம் என்று சில ரிசார்ட்டுகள் சொல்லும், அதை நம்பிக் கையை மூடிக்கொள்ளாதீர்கள். தினமும் கொடுங்கள், கடைசி நாளில் மொத்தமாக வைத்தால் அன்று வேறு ஆள் பணியில் இருப்பார். பெசோ நோட்டாகக் கொடுத்தால் அவர்கள் மாற்ற அலைய வேண்டியதில்லை, டாலர் சில்லறைக் காசை அங்கே மாற்றவே முடியாது. நாம் கணக்குப் பார்க்காமல் உட்கார்ந்திருக்க முடிந்தது இவர்கள் காலை ஆறு மணிக்குப் பஸ் பிடித்து வந்ததால்தான், இதை நான் ரொம்ப அழுத்தமாகச் சொல்கிறேன்.

கடல் பற்றி. படத்தில் காட்டும் அந்த நீலம் எல்லா மாதமும் கிடைக்காது. ஏறத்தாழ மார்ச், ஏப்ரலில் தொடங்கி ஆகஸ்ட் தாண்டியும் சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி அட்லாண்டிக்கிலிருந்து மிதந்து வந்து ஒதுங்குகிறது. 2011-லிருந்துதான் இந்த அளவுக்கு. ஒதுங்கி அழுகினால் அழுகிய முட்டை நாற்றம். விடியற்காலையில் ஆட்கள் நீளக் கைப்பிடி முள்வாரிகளால் வாரித் தள்ளுவண்டியில் ஏற்றுவார்கள், மத்தியானம் பார்த்தால் மறுபடி வந்திருக்கும். சில நாட்கள் நாங்கள் கடலில் இறங்கவே இல்லை, நீச்சல் குளத்தோடு சரி. ஒரு நாள் படகில் இஸ்லா முஹெரெஸ் தீவுக்குப் போனோம், அதன் வடக்குக் கரையில் தண்ணீர் கண்ணாடி. பாசி வேண்டாம் என்றால் நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள், வாடகை கூடும். செப்டம்பர், அக்டோபரில் மலிவு, ஆனால் புயல் காலம். கான்கூனில் ஹோட்டல்கள் வரிசையாக இருக்கும் ஹோட்டல் ஸோனின் கிழக்குக் கரையில் தங்குபவர்கள் கொடியைப் பாருங்கள், சிவப்புக் கொடி என்றால் அலை உள்ளே இழுக்கும், நீச்சல் தெரிந்தாலும் இறங்க வேண்டாம். எங்கள் பக்கம் பவளத்திட்டு அலையைத் தடுத்துவிடுகிறது.

ஜூலையில் போனதற்கு ஒரு பலன் கிடைத்தது. ராத்திரி சாப்பிட்டுவிட்டு மணலில் நடக்கும்போது காவலர் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார். கொஞ்ச தூரத்தில் ஒரு பெரிய பச்சை ஆமை பின்கால்களால் குழி தோண்டிக்கொண்டிருந்தது. ஹோட்டலின் ஆமைப் பணியாளர் சிவப்பு விளக்கோடு குப்புறப் படுத்திருந்தார், வெள்ளை வெளிச்சம் பட்டால் அது முட்டையிடாமல் திரும்பிவிடும் என்று செல்போனை உள்ளே வைக்கச் சொன்னார். கூட்டம் கூடியும் யாரும் பேசவில்லை. நூறு முட்டைக்கு மேல் இடும், அவற்றை வேலி போட்ட இடத்துக்கு மாற்றிப் புதைப்பார்கள் என்றார். ஒரு காலத்தில் அங்கே ஆமைக்கறி விற்றார்கள், 1990-ல் மெக்சிகோ ஆமை பிடிப்பதை முழுக்கத் தடை செய்தது. முட்டையிட்டு முடித்து, மணலை மூடி, அது கடலுக்குத் திரும்பும்வரை நின்றோம். என் கால் மரத்துப்போனது, நகர மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ரிசார்ட் நாற்காலிகளுக்கு முன்னால் ஊர்க்காரர்கள் குடும்பம் குடும்பமாகக் குடையும் ஐஸ் பெட்டியுமாக வந்து உட்கார்ந்தார்கள். மெக்சிகோவில் கடற்கரை சட்டப்படி எல்லாருக்கும் பொது, ஹோட்டலுக்கு நாற்காலி மட்டும்தான் சொந்தம். பெரியவர்களுக்கு மட்டும் என்று காசு கட்டியிருக்கிறோம் என்று பக்கத்தில் ஒருவர் ஊழியரிடம் குரலை உயர்த்தினார். ஊழியர் பொறுமையாக விளக்கினார். எனக்கு அந்த ஊழியர் சொன்னதுதான் சரி என்று பட்டது, சொல்லவும் சொன்னேன்.

யாருக்கு ஒத்துவராது என்றும் சொல்லிவிடுகிறேன். சும்மா உட்கார முடியாதவர்கள், சிச்சென் இட்சா, துலும் என்று பழைய மாயா நகரங்களைத் தினமும் சுற்ற நினைப்பவர்கள் ஊருக்குள் சாதாரண ஹோட்டலில் தங்குங்கள், மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் காசு கட்டிவிட்டு வெளியே சாப்பிடுவது வீண். போக முடிவு செய்தவர்கள் முன்பதிவு செய்யும்போதே சைவம் என்பதை மின்னஞ்சலில் விளக்கமாக எழுதிவிடுங்கள், மேடையும் பாட்டும் இருக்கும் குளத்திலிருந்து தள்ளி, கிழக்குப் பார்த்த அறையாகக் கேளுங்கள்.