'கெட்' (get) எண்ட ஒரு ஆங்கிலச் சொல்லை அம்மாவுக்கு எப்பிடி விளங்கப்படுத்துறது?

வணக்கம். ஆங்கிலம் படிப்பிக்கிற ஆக்கள் இருந்தா கொஞ்சம் உதவுங்கோ.

அம்மா ஊரில இருந்து வந்து கொழும்பு வெள்ளவத்தையில எங்களோட இருக்கிறா. 61 வயசில ஆங்கிலம் பழகத் தொடங்கியிருக்கிறா. 'கெட்' வந்தா வீட்டில சண்டை. முதல் நாள் "பெறுதல்" எண்டு சொல்லிக் குடுத்தன். அடுத்த நாள் 'இட்ஸ் கெட்டிங் டார்க்' எண்டதுக்கு "இருட்டைப் பெறுகிறது" எண்டு எழுதி வச்சிருக்கிறா! பிழை என்ரதான்.

கடிதம் கிடைச்சாலும் கெட், பாண் வாங்கினாலும் கெட், களைச்சுப் போனாலும் கெட், வீட்டுக்கு வந்து சேர்ந்தாலும் கெட். 'ஐ டோன்ட் கெட் இட்' எண்டா விளங்கேல்ல. இவ்வளவும் ஒருமாதிரி ஏத்தியாச்சு.

இடிக்கிறது பஸ்ஸில. காலி வீதியில 100ஆம் நம்பர் பஸ்ஸால இறங்கேக்க நாங்கள் எல்லாரும் 'கெட் டவுன்' எண்டுதான் சொல்லுறம். புத்தகத்தில 'கெட் ஆஃப்'. ஆட்டோவால, காரால இறங்கினா 'கெட் அவுட்'. "அது துரத்துற சொல்லெல்லோ பிள்ளை?" எண்டு கேக்கிறா. எழும்பி நிக்கக்கூடிய வாகனத்துக்கு ஆஃப், குனிஞ்சு ஏறுறதுக்கு அவுட் எண்டு சமாளிச்சன். மோட்டார் சைக்கிளுக்கும் ஆஃப்தானே, அதில மாட்டுப்பட்டிட்டன்.

இந்தியாவில இருந்து சாறி எடுப்பிச்சாலும் இங்க 'கொட் டவுன்' (got down) தான். இந்த எங்கட பாவனையைப் பிழை எண்டு வெட்டுறதோ, இருக்கட்டும் எண்டு விடுறதோ? மற்றது, அர்த்தங்களைப் பட்டியலாக் குடுக்காம வசனமாப் பழக்க, வயசான ஆக்களுக்குத் தோதான பயிற்சி ஏதும் வச்சிருக்கிறீங்களோ?