மால்டோவா: வேட்பாளர் நாடாகி மூன்று ஆண்டு கழிந்தும் ஓர் அத்தியாயம்கூடத் திறக்காதது ஏன்?

பொருநை | 9 நவம்பர் 2025

செப்டம்பர் 28 தேர்தலில் யார் ஜெயித்தார்கள், ரஷ்யா என்ன செய்தது என்பதெல்லாம் செய்திகளில் போதுமான அளவு வந்துவிட்டது. எனக்குப் புரியாதது நடைமுறை. 2022 ஜூன் 23 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர உக்ரைனோடு சேர்த்து மால்டோவாவுக்கும் வேட்பாளர் தகுதி கொடுத்தார்கள். 2024 ஜூன் 25 அன்று பேச்சுவார்த்தை தொடங்கிவிட்டது என்று அறிவித்தார்கள். ஆனால் இன்றுவரை ஓர் அத்தியாயம்கூடத் திறக்கவில்லை என்கிறார்கள். இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்?

அடுத்தது, நீதிபதிகளைச் சலித்தெடுக்கும் வேலை. ஒவ்வொரு அறிக்கையிலும் அதைப் பற்றி ஒரு பத்தி வருகிறது. யார், எதைப் பார்த்து, எப்படி முடிவு செய்கிறார்கள் என்று ஒருவரும் விளக்குவதில்லை.

நிஸ்டர் ஆற்றின் இடது கரையில் டிரான்ஸ்னிஸ்திரியா என்ற பகுதி அரசின் கையில் இல்லாமல் பிரிந்து கிடக்கும்போது ஒரு நாடு எப்படி ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர முடியும்? இது மூன்றாவது. வகுப்புக்குக் குறிப்பு தயாரிக்கிறேன். பொதுப்படையாக இல்லாமல் எண்ணோடும் படிநிலையோடும் சொன்னால் உதவியாக இருக்கும்.

வைகறை | 9 நவம்பர் 2025

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன்.

2024 ஜூனில் நடந்தது அரசுகளுக்கிடையிலான முதல் மாநாடு. பேச்சுவார்த்தைக்கான சட்டகத்தை மேசையில் வைக்கும் கூட்டம் அது. அதற்குப் பிறகு வருவது சட்ட ஒப்பீடு. ஒன்றியத்தின் சட்டத் தொகுப்பில் பேசித் தீர்க்க வேண்டியவை 33 அத்தியாயங்கள். அவற்றை 6 கொத்துகளாகக் கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் முதலில் ஐரோப்பிய ஆணையம் (ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பு) ஒன்றியத்தின் சட்டங்களை விளக்கும். பிறகு மால்டோவா தன்னிடம் எது இருக்கிறது, எது இல்லை, எப்போது கொண்டுவரும் என்று பதில் சொல்ல வேண்டும். இந்த வேலை 2025 செப்டம்பரில் முடிந்துவிட்டது. ஒப்பிட்டால் வேகம்தான்.

அந்த வேகத்துக்கு ஒரு காரணம் மொழி. மற்ற வேட்பாளர் நாடுகள் ஒன்றியத்தின் சட்டத் தொகுப்பு முழுவதையும் தங்கள் மொழிக்குக் கொண்டுவர ஆண்டுக்கணக்கில் மொழிபெயர்ப்பாளர்களை உட்கார வைக்க வேண்டும். மால்டோவாவின் ஆட்சிமொழி ரோமேனியன் (2023 மார்ச்சில்தான் சட்டங்களில் இருந்த 'மால்டோவன்' என்ற பெயரை எடுத்தார்கள்). ருமேனியா 2007 முதல் உறுப்பு நாடு என்பதால் அந்தப் பக்கங்கள் எல்லாமே ஏற்கெனவே ரோமேனியனில் இருக்கின்றன. இதில் ஒரு கெடுதலும் உண்டு. தயாராக இருப்பதை அப்படியே எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். சட்டத்தில் ஓர் ஒழுங்குமுறை அமைப்பின் பெயர் இருக்கும், அந்த அமைப்பில் அந்த வேலை தெரிந்த ஆள் இருக்கமாட்டார்.

ஒப்பீடு முடிந்த பிறகு ஒரு கொத்தைத் திறக்க 27 நாடுகளும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும். வண்டி நிற்பது இங்கேதான். முதல், இரண்டாம், ஆறாம் கொத்துகளைத் திறக்க மால்டோவா தயார் என்று ஆணையம் இந்த மாதமே சொல்லியிருக்கிறது. ஆனால் உக்ரைனுக்கு ஹங்கேரி முட்டுக்கட்டை போடுகிறது. 2022-லிருந்து இரண்டு நாடுகளின் கோப்பும் ஒரே கட்டில் நகர்வதால் மால்டோவாவும் சேர்ந்து நிற்கிறது. சட்டப்படி இந்தக் கட்டுக்கு அவசியமே இல்லை. அல்பேனியாவும் வட மாசிடோனியாவும் இப்படித்தான் பிணைந்திருந்தன. அவிழ்த்துவிட்டதும் 2024 அக்டோபரில் அல்பேனியா முதல் கொத்தைத் திறந்துவிட்டது. மால்டோவா விஷயத்தில் பலர் தயங்குவதற்குக் காரணம், அவிழ்த்தால் உக்ரைனைக் கைவிட்டதாகத் தெரியும் என்பது.

இன்னொன்றையும் குறிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். அடிப்படைகள் என்ற முதல் கொத்துதான் முதலில் திறக்கும், கடைசியில் மூடும். அதற்குள் இருப்பவை 23 (நீதித்துறை, அடிப்படை உரிமைகள்), 24 (உள்துறை, நீதி), 5 (அரசுக் கொள்முதல்), 18 (புள்ளியியல்), 32 (நிதிக் கட்டுப்பாடு). 23-லும் 24-லும் இடைக்கால இலக்குகளை எட்டாமல் வேறெந்த அத்தியாயத்தையும் தற்காலிகமாகக்கூட மூட முடியாது. அதனால் உங்கள் இரண்டாவது கேள்விதான் உண்மையான கேள்வி.

செங்காந்தள் | 10 நவம்பர் 2025

நீதிபதிகளைப் பற்றி.

2014-இல் மூன்று வங்கிகளிலிருந்து ஏறத்தாழ 100 கோடி டாலர் வெளியே போனது. நாட்டின் ஒரு வருட மொத்த உற்பத்தியில் எட்டில் ஒரு பங்கு. அந்தப் பணம் போனதைவிடப் பெரிய சேதம், வழக்குகள் நீதிமன்றங்களில் வருடக்கணக்கில் ஊறிக்கிடந்தது. நீதிபதியை நியமிப்பதும் தண்டிப்பதும் நீதித்துறை உயர் மன்றத்தின் கையில் இருக்கிறது. அந்த மன்றமே பழைய ஆட்களிடம் இருந்தால் எந்தச் சட்டமும் பலிக்காது. ஆகவே மேலிருந்து தொடங்கினார்கள்.

2021 செப்டம்பரில் அரசியலமைப்பைத் திருத்தினார்கள். மன்றத்தில் 12 பேர். 6 பேரை நீதிபதிகளே தேர்ந்தெடுப்பார்கள். மீதி 6 பேர் நீதிபதி அல்லாதவர்கள், அவர்களை நாடாளுமன்றம் ஐந்தில் மூன்று பங்கு வாக்கால் நியமிக்கும். புதிய நீதிபதிகளுக்கு இருந்த ஐந்தாண்டு 'சோதனைக் காலப்' பதவியையும் எடுத்துவிட்டார்கள். மறுநியமனத்துக்காக மேலிடத்தைப் பார்த்துத் தீர்ப்பு எழுதும் பழக்கத்துக்கு வேர் அதுதான். என் கணக்கில் மொத்தச் சீர்திருத்தத்திலும் நல்ல வரி இதுவே.

பிறகு 2022 மார்ச்சில் 26-ஆம் எண் சட்டம். மன்றத்துக்குப் போட்டியிட வருபவரை ஆறு பேர் கொண்ட குழு முன்கூட்டியே சோதிக்கும். மூன்று பேர் உள்நாட்டவர், மூன்று பேர் வெளிநாட்டு நிபுணர்கள். போட்டியாளர் ஐந்தாண்டுச் சொத்து விவரமும், நீதித்துறையிலும் அரசுப் பணியிலும் இருக்கும் நெருங்கிய உறவினர் பட்டியலும் கொடுக்க வேண்டும். குழு வங்கி, வரித்துறை, நிலப்பதிவு என்று எல்லா இடத்திலும் கேட்கும். 15 ஆண்டு வரை பின்னோக்கிப் போய் வரவையும் செலவையும் பொருத்திப் பார்க்கும். பொருந்தவில்லை என்றால் கேள்வி அனுப்பும், பதில் போதாவிட்டால் மறுபடி அனுப்பும், பிறகு நேரில் விசாரிக்கும். குற்றத்தை நிரூபிக்கத் தேவையில்லை. 'கடுமையான ஐயம்' தீராமல் இருந்தாலே தேர்ச்சி இல்லை.

எதில் விழுந்தார்கள் என்று பார்த்தால் பெரும்பாலும் நமக்கும் பழக்கமான விஷயங்கள். கார் வாங்கிய ஒப்பந்தத்தில் சந்தை விலையைவிட மிகக் குறைத்துத் தொகை எழுதியது. நீதிபதிகளுக்கென்று சலுகை விலையில் கட்டிய வீட்டை வாங்கி, அந்த விலைக்குத் தனக்குத் தகுதி உண்டா என்பதற்குப் பதில் இல்லாதது. பெற்றோர் ரொக்கமாகக் கொடுத்தார்கள் என்பது, ஆனால் பெற்றோரின் வருமானம் அதற்குப் போதாதது. வீடு மாமியார் பெயரில், குடியிருப்பது இவர், விவரப் படிவத்தில் வரி காலி.

பலன்: முதல் சுற்றில் நீதிபதிகள் தரப்பில் 28 பேர் வந்தார்கள். தேறியவர்கள் 5 பேர். இடங்களோ 6.

2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் 25 பேரில் 20 பேர் ராஜினாமா செய்தார்கள். அடுத்த மாதம் வந்த சட்டம் இடங்களை 33-லிருந்து 20-ஆகக் குறைத்தது. அதில் 11 தொழில்முறை நீதிபதிகளுக்கு, 9 வழக்கறிஞர், அரசு வழக்கறிஞர், சட்டப் பேராசிரியர் தரப்புக்கு. காகிதத்தில் அழகான வடிவம். ஆனால் நாற்காலியை நிரப்ப ஆள் வேண்டுமே. வெளியே நன்றாகச் சம்பாதிக்கும் வழக்கறிஞர், தன் குடும்பத்தின் 15 வருடக் கணக்கை அந்நியர் முன் விரித்துக் காட்டி, பிறகு குறைந்த சம்பளத்துக்கு உட்கார எளிதில் முன்வருவதில்லை.

அடுத்த கட்டம் 2023-இன் 252-ஆம் எண் சட்டம். மேல்முறையீட்டு நீதிபதிகளும் முக்கியப் பொறுப்பில் இருக்கும் அரசு வழக்கறிஞர்களும் இதில் வருகிறார்கள். இங்கே அளவுகோலை எண்ணாக எழுதினார்கள். 12 ஆண்டில் விளக்கமில்லாத வித்தியாசம் நாட்டின் சராசரிச் சம்பளத்தைப்போல் 20 மடங்கைத் தாண்டக் கூடாது. 10 ஆண்டில் கட்டாமல் விட்ட வரி 5 மடங்கைத் தாண்டக் கூடாது. 'ஐயம்' என்ற வழுக்கும் சொல்லைவிட இது நேர்மையானது. குழு அறிக்கைதான் எழுதும், தேர்ச்சியா இல்லையா என்பதை உயர் மன்றம் சொல்லும். இந்த மாற்றமும் சும்மா வரவில்லை. 2023 ஆகஸ்ட் 1 அன்று, தேறாதவர்களில் 21 பேரின் முறையீட்டை உச்ச நீதிமன்றம் ஏற்று, மறுபடி சோதிக்கச் சொன்னது. நடைமுறையில் விட்ட ஓட்டைக்குக் கொடுத்த விலை அது.

ஏரிக்கரை | 10 நவம்பர் 2025

செங்காந்தள் எழுதியது சரி. ஆனால் சீர்திருத்தக்காரர்கள் தரப்புத் தவறை ஒரு வரியில் கடந்துவிட்டார். அலெக்சாந்தர் ஸ்டோயானோக்லோ விவகாரத்தை விட்டுவிட்டு இந்தப் பாடத்தை நடத்த முடியாது.

தலைமை அரசு வழக்கறிஞராக இருந்த அவர்மேல் 2021 அக்டோபரில் குற்ற வழக்கு பதிவானது. வழக்கு பதிவானாலே பதவி இடைநீக்கம் என்று அதற்குச் சற்று முன்புதான் சட்டத்தை மாற்றியிருந்தார்கள். இடைநீக்கத்தை எதிர்த்து எந்த நீதிமன்றத்துக்கும் போக வழியில்லை. 2023 அக்டோபரில் ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றம் இது நியாயமான விசாரணைக்கான உரிமையை மீறியது என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு அதே மனிதர் அதிபர் தேர்தலில் பதவியில் இருந்த மாயா சாந்துவை எதிர்த்து நின்று, நவம்பர் 3 இரண்டாம் சுற்றில் 44.65 சதவீதம் வாங்கினார்.

ஒருவர் குற்றவாளியா இல்லையா என்பது வேறு. முறையீடு செய்ய ஒரு கதவை வைத்திருந்தால் அவருக்கு இந்த மேடை கிடைத்திருக்காது. சட்டத்தின் ஆட்சியைக் கொண்டுவருகிறேன் என்று கிளம்புகிறவர்களுக்குக் குறுக்கு வழி கட்டுப்படியாகாது.

பொருநை | 10 நவம்பர் 2025

மூவருக்கும் மிக்க நன்றி. ஏரிக்கரை ஐயா, அந்த வழக்கு எனக்குத் தெரியாது. கட்டாயம் சேர்க்கிறேன். ஒரு துணைக்கேள்வி: ஒன்றியத்தில் சேரும் நோக்கத்தை அரசியலமைப்பில் எழுதலாமா என்று கேட்ட 2024 அக்டோபர் 20 வாக்கெடுப்பில் 'ஆம்' 50.35 சதவீதம்தானே? இவ்வளவு மெல்லிய வித்தியாசத்தில் வந்தது சட்டப்படி எதை மாற்றியது? இப்போது நாடாளுமன்றத்தில் 101-இல் 55 இடம் வைத்திருக்கும் ஆளும் கட்சியால் எதைச் செய்ய முடியும், எதை முடியாது?

வைகறை | 11 நவம்பர் 2025

வித்தியாசம் 10,564 வாக்குகள். உள்நாட்டில் மட்டும் எண்ணினால் 'இல்லை' முன்னால் இருந்தது. மேற்கு ஐரோப்பாவில் வேலை பார்க்கும் மால்டோவர்களின் வாக்கு கடைசியில் சேர்ந்தபோதுதான் தராசு சாய்ந்தது. அதோடு, வாக்கை விலைக்கு வாங்க அந்த ஆண்டு செப்டம்பர் மாதத்தில் மட்டும் 1,30,000 பேருக்கு 1.5 கோடி டாலர் ரஷ்ய வங்கி வழியாக வந்தது என்று காவல்துறை அறிவித்திருந்ததையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதற்காக எல்லா 'இல்லை'யையும் காசு என்று எழுதிவிடாதீர்கள். தெற்கே இருக்கும் ககவுஸியா என்ற தன்னாட்சிப் பகுதியில் ஏறத்தாழ 95 சதவீதம் 'இல்லை' என்றது. அங்கே ரஷ்ய மொழித் தொலைக்காட்சி, ரஷ்யாவில் வேலை, பழைய சந்தை எல்லாம் சேர்ந்து உருவான மனநிலை பணத்துக்கு முன்பே இருந்தது.

சட்டப்படி மாறியது: முன்னுரையில் ஐரோப்பிய நோக்கம் சேர்ந்தது, ஒன்றிய இணைப்புக்கென்று ஒரு புதுப் பகுதி சேர்ந்தது. இணைப்பு ஒப்பந்தம் கையெழுத்தானால் நாடாளுமன்றம் மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேல், அதாவது 51 வாக்கால், சட்டம் இயற்றி ஏற்கலாம்.

இதிலிருந்து 55-இன் பலம் தெரியும். 51 வேண்டிய எல்லாவற்றையும் தனியாகச் செய்யலாம். உயர் மன்றத்துக்கு நீதிபதி அல்லாத உறுப்பினரை நியமிக்க 61 வேண்டும். 2021-இல் 63 இடம் இருந்தபோது இது கையில் இருந்தது, இப்போது இல்லை. அரசியலமைப்பை மாற்ற 68 வேண்டும், அது 2021-லேயே தனியாக முடியவில்லை. திருத்த வரைவு வைத்து ஆறு மாதம் கழிந்தபின்தான் வாக்கெடுப்பு, ஓராண்டுக்குள் நிறைவேறாவிட்டால் காலாவதி. எதிர்க்கட்சிக்கும் இதே கணக்குத்தான். புதிதாகச் சேர்த்த பகுதியை எடுக்க அவர்களும் 68 தேடவேண்டும்.

நெய்தல் | 11 நவம்பர் 2025

டிரான்ஸ்னிஸ்திரியாவைத் தொடவே இல்லை, அதனால் நான்.

பிரிந்த நிலத்தோடு சேர முன்னுதாரணம் உண்டு. சைப்ரஸ் 2004-இல் முழுத் தீவாகவே சேர்ந்தது. அரசின் கட்டுப்பாட்டில் இல்லாத வடபகுதியில் ஒன்றியச் சட்டம் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் சைப்ரஸில் இருப்பது துருக்கிப் படை. இங்கே 1992 போருக்குப் பிறகு தங்கிவிட்ட சுமார் 1,500 ரஷ்யப் படையினர், கோபஸ்னா கிடங்கில் ஏறத்தாழ 20,000 டன் பழைய வெடிமருந்து. ஒப்பீடு பாதி தூரம்தான் வரும்.

படையைவிட வேகமாக மாறிக்கொண்டிருப்பது பொருளாதாரம். ஒன்றியத்தோடான தடையற்ற வர்த்தகம் 2016 ஜனவரி முதல் இடது கரைக்கும் பொருந்துகிறது. நிபந்தனை ஒன்றுதான்: நிறுவனம் தலைநகர் கிஷினாவில் பதிவு செய்து, அங்கிருந்து மூலச் சான்று (சரக்கு எங்கே தயாரானது என்ற சான்று) வாங்க வேண்டும். 2022-இல் உக்ரைன் தன் பக்க எல்லையை மூடியதும் எல்லாச் சரக்கும் கிஷினாவ் வழியாகத்தான். ஏற்றுமதியில் 70 சதவீதத்துக்கு மேல் ஒன்றியத்துக்குப் போகிறது. 2024 ஜனவரி முதல் புதிய சுங்கச் சட்டப்படி அங்குள்ள நிறுவனங்களும் சுங்க வரி கட்டுகின்றன.

2025 ஜனவரி 1 அன்று ரஷ்ய நிறுவனமான காஸ்ப்ரோம் எரிவாயுவை நிறுத்தியதும் அந்தப் பகுதியின் அடித்தளமே ஆடியது. காசு கட்டாத வாயுவைக் குச்சுர்கான் அனல்மின் நிலையத்தில் எரித்து, மின்சாரத்தை வலது கரைக்கு விற்று, அந்தப் பணத்தில் ஓய்வூதியம் கொடுத்தது அவர்கள் முறை. வாயு நின்றதும் வீடுகளில் வெப்பமும் வெந்நீரும் போயின, ஆலைகள் நின்றன. வலது கரை ருமேனியாவிலிருந்து விலை அதிகமான மின்சாரத்தை வாங்கிச் சமாளித்தது. 2022 மார்ச் 16 அன்றே ஐரோப்பிய மின்வலையோடு ஒத்திசைத்திருந்ததால் அது முடிந்தது.

இனி ஒன்றிணைத்தால் எங்கே இடிக்கும் என்று கேட்டால், நான் 16-ஆம் அத்தியாயத்தைச் சொல்வேன், வரி. இடது கரையில் மதிப்புக் கூட்டு வரியே கிடையாது. கடைக்காரர் முதல் எஃகு ஆலை வரை எல்லோருக்கும் பதிவு எண், விலைப்பட்டியல் முறை, தணிக்கை எல்லாம் புதிது. அவற்றைச் செய்ய வரி அலுவலர்கள் ஆற்றைத் தாண்டிப் போகவேண்டும். இன்று அவர்களால் பாலத்தைத் தாண்ட முடியாது.